பேராசிரியரின் கையெழுத்து மட்டும் போதாது: மாணவர் வகுப்பு நடத்தி நான் பட்ட பாடு

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர்களே சக மாணவர்களுக்குப் பாடம் நடத்தலாம். அந்த வகுப்புக்குக் கிரெடிட்டும், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளியும், உண்டு. மதுரையில் என்னோடு பள்ளியில் படித்தவர்களிடம் இதைச் சொன்னால் இன்றும் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் இது நேற்று முளைத்த ஏற்பாடு இல்லை. மாசசூசெட்ஸில் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 1964இல் பரிசோதனைக் கல்லூரி என்ற பெயரில் இதற்கு வழி செய்தது. ஒஹாயோவின் ஓபர்லின் கல்லூரியில் 1968இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் 1981 முதல் 'டீகால்' என்ற பெயரில் நடக்கிறது. அங்கே இன்று ஒரு செமஸ்டரில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் வகுப்புகள் நடக்கின்றன. நான் படித்தது இவற்றில் எதுவும் இல்லை, கலிஃபோர்னியாவிலேயே வேறொரு பல்கலைக்கழகம். அங்கே நான்காம் ஆண்டில் ஒரு வகுப்பை ஏற்று நடத்தினேன். அது பாதியில் நிறுத்தப்பட்டு, மறுபடி உயிர்பெறுவதற்குள் பணமும் போனது, தூக்கமும் போனது. அந்த வாரங்களில் யாரைக் கேட்பது என்றுகூடத் தெரியாமல் தனியாகத் திண்டாடினேன். இனி வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கும், அப்படிப்பட்ட வகுப்பில் சேரப் போகிறவர்களுக்கும் நான் கண்டதைச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

என் வகுப்பு வாடகைச் சட்டத்தைப் பற்றியது. படிக்க வருகிறவர்கள் முதலாண்டு விடுதியில் இருப்பார்கள், இரண்டாம் ஆண்டில் வெளியே வீடு பார்ப்பார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் இருபது பக்க வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்பி வராமல் நிற்பார்கள். சுவரில் ஆணி அடித்த துளைக்கு இவ்வளவு, தரைவிரிப்பு நிறம் மங்கியதற்கு அவ்வளவு என்று பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டுவார். கலிஃபோர்னியச் சட்டப்படி, காலி செய்த 21 நாளுக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும், பிடித்தம் இருந்தால் இனம் இனமாகக் கணக்குக் காட்ட வேண்டும், சாதாரணமாகப் புழங்கியதால் வந்த தேய்மானத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது. இது தெரிந்த மாணவர்களைவிடத் தெரியாதவர்களே அதிகம். என்னோடு தங்கியிருந்த தோழி ஒருத்தி அட்வான்ஸ் முழுவதையும் இழந்துவிட்டு, வீட்டில் சொல்லவும் முடியாமல் இருந்ததை அருகிலிருந்து பார்த்தவள் நான். அதனால் இந்த வகுப்பை நடத்திவந்த சீனியர் மாணவி பட்டம் பெற்றுப் போகும்போது, 'நீ எடுத்துக்கொள்கிறாயா?' என்று கேட்டதும் யோசிக்காமல் தலையாட்டினேன். அவர் ஒரு கோப்பைக் கொடுத்தார். பாடத்திட்டம், படிக்க வேண்டிய பகுதிகள், பழைய அசைன்மென்ட்கள் எல்லாம் அதில் இருந்தன.

மாணவர் நடத்தும் வகுப்புக்கு ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும். விண்ணப்பத்தில் அவர் கையெழுத்திட வேண்டும், பிறகு துறைத் தலைவர், பிறகு பாடத்திட்டக் குழு. இது எல்லா இடத்திலும் ஏறத்தாழ இப்படித்தான். எங்கள் துறையில் ஒப்பந்த அடிப்படையில் இருந்த விரிவுரையாளர் ஒருவர் முந்தைய ஆண்டுகளில் கையெழுத்திட்டு வந்தார். நல்ல மனிதர். வசந்த செமஸ்டர் முடியும் தறுவாயில் அவர் அறைக்குப் போனேன். பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தார், 'அருமை' என்றார், கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. துறை அலுவலகத்தில் கொடுத்தேன், முத்திரை விழுந்தது. கோடையில் வகுப்புப் பட்டியலிலும் பெயர் வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்றே எவரும் நினைப்பார்கள். அந்த விரிவுரையாளரின் ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது என்பதையும், புதுப்பிக்கப்படவில்லை என்பதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவத்தில் அதைக் கேட்கும் கட்டமும் இல்லை.

இங்கே முதல் எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்திடுகிறவர் வகுப்பு நடக்கும் செமஸ்டரில் பல்கலைக்கழகத்தில் பணியில் இருப்பாரா, ஆய்வு விடுப்பில் போகிறாரா, அவருடைய பதவிக்கு இந்தப் பொறுப்பை ஏற்கும் உரிமை உண்டா என்ற மூன்றையும் துறை அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இருக்க வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில், பேராசிரியர்கள் அடங்கிய கல்விப் பேரவையின் 750ஆம் விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: முறைப்படி நியமனம் பெற்று, அதற்குரிய ஆசிரியர் பதவியில் இருப்பவர்களே ஒரு பாடத்தின் உள்ளடக்கத்துக்கும் நடத்தைக்கும் பொறுப்பேற்க முடியும். மாணவர் வகுப்பு என்றாலும் சட்டப்படி அது அந்தப் பேராசிரியரின் வகுப்புதான். நாம் அவருக்காக நடத்துகிறோம். வேறு பல்கலைக்கழகங்களில் வாசகம் மாறலாம், உள்ளே இருக்கும் கருத்து ஒன்றுதான். அவர் இல்லையென்றால் வகுப்பே இல்லை.

வகுப்புக்கு நான் தயாரான விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் அதுதான் என்னைக் காப்பாற்றியது. எங்கள் வகுப்பு இரண்டு கிரெடிட். கிரெடிட் என்பது வெறும் எண் அல்ல, அது உழைப்பின் அளவு. அமெரிக்க மத்திய அரசின் வரையறைப்படி ஒரு கிரெடிட்டுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பு, இப்படி ஏறக்குறைய 15 வாரம். ஆக, ஒரு கிரெடிட் 45 மணி நேரம், எங்கள் இரண்டு கிரெடிட் 90 மணி நேரம். மாணவர் வகுப்புகளைப் பற்றிப் பேராசிரியர்கள் முகம் சுளிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வந்து உட்கார்ந்தால் போதும், பாஸ் நிச்சயம் என்று பெயரெடுத்த வகுப்புகள் எங்கள் வளாகத்திலும் இருந்தன. அவை எல்லோருடைய பெயரையும் கெடுக்கின்றன. நான் ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரே எத்தனை பக்கம் படிக்க வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், எழுத என்ன இருக்கிறது என்று கணக்கிட்டு எழுதி வைத்தேன். தோழிகளைப் படிக்கச் சொல்லி நேரம் பார்த்தேன். நீங்களும் இதைச் செய்யுங்கள். 'வாராந்திர வாசிப்பு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் குழுவில் ஒருவர் கேள்வி எழுப்பும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

இதற்காக நூலகத்தில் பார்த்துவந்த பகுதி நேர வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், எனக்கு இருந்த ஒரே வருமானம் அதுதான். அந்த செமஸ்டர் முடிவதற்குள் ஆயிரம் டாலருக்கு மேல் சம்பளம் போனது. வாசிப்புப் பகுதிகளை அச்சிட்டுக் கோத்ததில் கையிலிருந்து 350 டாலர் செலவானது. வகுப்பு முறைப்படி நடந்தால் துறை அதைத் திருப்பித் தரும் என்றார்கள். 'முறைப்படி' என்ற அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்று அப்போது தெரியாது.

வகுப்பு தொடங்கியது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரும் தம் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, அதில் தமக்குப் புரியாத ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும் என்று வைத்தேன். ஒரு மாணவன் படித்த பத்தியில், வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று இருந்தது. சட்டமோ, அவசரம் தவிர மற்ற நேரங்களில் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பொதுவாக 24 மணி நேர அவகாசம் வேண்டும் என்கிறது. அந்தப் பத்தி செல்லாது என்று தெரிந்தபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

மூன்றாவது வாரம் பாடத்திட்டக் குழுவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நான்கே வரி. உங்கள் வகுப்புக்குத் தகுதியுள்ள பொறுப்பாசிரியர் பதிவில் இல்லை, மறு அறிவிப்பு வரும் வரை வகுப்பு நிறுத்தப்படுகிறது, மாணவர்களுக்குத் தெரிவித்துவிடவும். பதிவாளர் அலுவலகம் வகுப்புப் பட்டியலை ஆசிரியர் நியமனப் பட்டியலோடு ஒப்பிட்டபோது கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைய விரிவுரையாளர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டிருந்தார். துறை அலுவலகத்துக்கு ஓடினேன். குழுவைக் கேளுங்கள் என்றார்கள். குழுவின் செயலரைக் கேட்டேன், துறைதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். முத்திரை குத்தி வாங்கிக்கொண்ட இடத்திலேயே, 'நீங்கள்தானே பார்த்திருக்க வேண்டும்?' என்று கேட்டார்கள். என் கோபத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஒரு பேராசிரியரின் நியமனக் காலம் மாணவிக்கு எங்கிருந்து தெரியும்? அன்று இரவு அம்மாவிடம் போனில் பேசும்போது ஒன்றும் நடக்காதது போலப் பேசினேன். வைத்த பிறகு அழுதேன்.

அழுகை ஒரு இரவோடு நின்றது, ஏனென்றால் மறுநாள் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். முதலாண்டு முடித்து வந்தவள். வகுப்பு அறிவிப்பை அச்சிட்டுக் கையில் வைத்திருந்தாள், அந்தத் தாளின் ஓரம் வியர்வையில் நைந்திருந்தது. "அக்கா, எனக்கு மொத்தமே 12 கிரெடிட்தான் இருக்கிறது. இதில் இரண்டு போனால் விசாவுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஃப் 1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் இளநிலை மாணவர் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்க வேண்டுமென்றால், இறங்குவதற்கு முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கும் காரணங்கள் வரையறுக்கப்பட்டவை: உடல்நலக் குறைவு, கடைசி செமஸ்டர், ஆங்கிலத்திலோ வாசிப்பிலோ தொடக்கச் சிரமம், பொருந்தாத நிலைப் பாடத்தில் போட்டுவிட்டது என்று சில. வகுப்பு நின்றுபோனது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. புதுப் பாடம் சேர்க்கும் கெடுவும் கடந்துவிட்டது. இணையவழிப் பாடத்தில் சேரலாம் என்றாலும், முழுநேரக் கணக்கில் ஒரே ஒரு இணையவழி வகுப்பு, மூன்று கிரெடிட் வரைதான் சேரும். அவளுக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது.

இருவருமாக வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த ஆலோசகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு விஷயம் சொன்னார், அது எங்களுக்குப் பெரிய ஆறுதல். வகுப்பு 'நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா' அல்லது 'ரத்து செய்யப்பட்டிருக்கிறதா' என்று பதிவாளர் அலுவலகத்தில் முதலில் எழுதி வாங்குங்கள் என்றார். நிறுத்திவைப்பு என்றால் மாணவர் பெயர் பட்டியலில் இருக்கும், கிரெடிட்டும் கணக்கில் இருக்கும். ரத்து என்றால் அன்றே குறைந்துவிடும். உடனே குழுவுக்கு எழுதினேன்: புதிய பொறுப்பாசிரியரைக் கொண்டுவர அவகாசம் கொடுங்கள், அதுவரை மாணவர் பதிவுகளைத் தொடாதீர்கள், பதிவு நீக்கப்பட்டால் இன்னின்ன மாணவர்களுக்கு விசா நிலையே கெடும் என்று பெயர் குறிப்பிடாமல் விளக்கினேன். இரண்டு வாரக் கெடு கிடைத்தது. உங்கள் வகுப்புக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். நியாயம் யார் பக்கம் என்று வாதாடுவதெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம், பட்டியலில் பெயர்கள் நிற்க வேண்டும்.

இன்னொரு மாணவனை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. உள்ளூர்ப் பையன், மத்திய அரசின் பெல் உதவித்தொகையில் படிக்கிறவன். வகுப்பு நின்ற செய்தி வந்த அன்றே பயந்துபோய் அவனாகவே பெயரை நீக்கிவிட்டான். 12 கிரெடிட் 10 ஆனது. 2024–25 கல்வியாண்டு முதல் அந்த உதவித்தொகை படிக்கும் கிரெடிட்டின் விகிதப்படி கணக்கிடப்படுகிறது, 12க்கு 10 என்றால் 83 சதவீதம். அந்த ஆண்டு உச்சத் தொகை 7,395 டாலர், முழுத் தொகை பெறுகிறவருக்கு ஒரு செமஸ்டரில் 600 டாலருக்கு மேல் குறையும். அவனுக்குக் குறைந்தது. பின்னர் வகுப்பு மீண்டபோது திரும்பச் சேர வழியில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அதனால் இப்படிப்பட்ட வகுப்பில் சேர்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் 12ஆவது கிரெடிட் மாணவர் வகுப்பில் இருக்க வேண்டாம். அது 13ஆகவோ 14ஆகவோ இருக்கட்டும். விசாவும் உதவித்தொகையும் தொங்கும் கயிற்றை இன்னொரு மாணவரின் விண்ணப்பத்தில் கட்டாதீர்கள்.

புதிய பொறுப்பாசிரியரைத் தேடிய கதை தனி. துறையில் கதவு கதவாகத் தட்டினேன். பெரும்பாலோர் மறுத்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் மீது எரிச்சலாக வந்தது. ஒருவர் மட்டும் உட்காரவைத்துக் காரணம் சொன்னார். மாணவர் வகுப்புக்குப் பொறுப்பேற்றால் அது அவருடைய கற்பிக்கும் பணிச்சுமைக் கணக்கில் சேராது, ஊதியமும் இல்லை, பதவி உயர்வில் யாரும் கேட்கப் போவதும் இல்லை. ஆனால் மதிப்பெண் தாளில் அவர் பெயர், வகுப்பில் யாராவது தவறான சட்ட விளக்கம் சொல்லி ஒரு மாணவர் வீட்டை இழந்தால் கேள்வி அவரிடம்தான் வரும். 'உங்கள் வகுப்பை நான் நம்பாமல் இல்லை, எனக்கு அதைக் கவனிக்க நேரம் இல்லை. நேரமில்லாமல் கையெழுத்துப் போடுவது உங்களுக்குச் செய்யும் துரோகம்' என்றார். அன்று அந்த வார்த்தை கசந்தது. என் அனுபவத்தில் எனக்கு மிகவும் நேர்மையாக நடந்துகொண்ட ஆசிரியர்களில் அவரும் ஒருவர் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த நாட்களில் இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். பெர்க்லியில் 1968இல் மாணவர்கள் முயன்று கொண்டுவந்த ஒரு பாடம், சமூகப் பகுப்பாய்வு 139எக்ஸ். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் எல்ட்ரிட்ஜ் கிளீவர் அதில் பத்து விரிவுரை ஆற்றுவதாக ஏற்பாடு. பேராசிரியர்கள் முறைப்படி ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். கவர்னர் ரொனால்ட் ரீகன் கொதித்தெழுந்தார், பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு கூடி, வெளியார் ஒருவர் கிரெடிட் உள்ள பாடத்தில் ஒரு பருவத்துக்கு ஒரு முறைக்கு மேல் பேசக் கூடாது என்று முடிவெடுத்தது. விரிவுரைகள் நடந்தன, கிரெடிட் மறுக்கப்பட்டது. மாணவர்கள் கட்டடங்களுக்குள் புகுந்து போராடினார்கள். அதே வளாகத்தில் 2016 செப்டம்பரில், பாலஸ்தீனம் பற்றிய மாணவர் வகுப்பு ஒன்று, யூத அமைப்புகள் பல சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதிய பிறகு, வகுப்பு தொடங்கியிருந்த நிலையில் நிறுத்தப்பட்டது. விண்ணப்பத்தின் நகல் டீனுக்கு வந்து சேரவில்லை, நடைமுறை பின்பற்றப்படவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கடும் எதிர்ப்புக்குப் பின் ஒரு வாரத்துக்குள்ளேயே மீட்கப்பட்டது.

இந்த இரண்டையும் படித்த பிறகு எனக்கு ஒரு தெளிவு வந்தது. பேராசிரியர் மேற்பார்வை என்பது மாணவர்களை அடக்க வைத்த கடிவாளம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் விண்ணப்பம் எழுதிய நாட்களில் அதை ஒரு சடங்காகத்தான் பார்த்தேன், எங்கள் வளாகத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். உண்மையில் அது நமக்குக் கவசம். பாடத்தை முன்கூட்டியே வரிவரியாகப் படித்து, இது பல்கலைக்கழகத் தரத்துக்கு உரியது என்று ஒரு பேராசிரியர் எழுதி வைத்திருந்தால், புகார் வரும்போது பதில் சொல்ல அவர் இருக்கிறார். ஒரு நகல் எங்கோ போய்ச் சேராததைக் காரணம் காட்டி, செமஸ்டர் நடுவில் மாணவர்களை நடுத்தெருவில் நிறுத்துவது நியாயமே இல்லை. கேள்வி கேட்க வேண்டிய நேரம் ஒப்புதலுக்கு முன்பு. ஆனால் நிர்வாகம் அந்த நியாயத்தின்படி நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது. உங்கள் பாடம் அரசியல் சூடு உள்ளதாக இருந்தால் ஒவ்வொரு தாளும், ஒவ்வொரு நகலும் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் வைத்திருங்கள்.

கெடு முடியச் சில நாட்கள் இருக்கையில் நகரத் திட்டமிடல் துறையில் மூத்த பேராசிரியை ஒருவர் ஒப்புக்கொண்டார். நிபந்தனைகள் போட்டார். பாடத்திட்டமும் வாசிப்புத் தொகுப்பும் முழுதாகத் தன் கைக்கு வர வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்கு வந்து உட்காருவார். இறுதிக் கட்டுரைகளைத் தானே படிப்பார், பாஸா ஃபெயிலா என்பதைத் தானே முடிவு செய்வார். நான் ஒப்புக்கொண்டேன், வேறு வழியும் இல்லை. தொகுப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த சந்திப்பில் மேசை மீது அது விரித்துக் கிடந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. சீனியர் விட்டுச் சென்ற பழைய கையேட்டில் ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். மேசை, கட்டில் போன்ற சாமான் இல்லாத வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வரை அட்வான்ஸ் வாங்கலாம் என்ற வரி. "இது போன ஜூன் வரை சரி. ஜூலை 1 முதல் ஒரு மாதம்தான்" என்றார். 2024 ஜூலை முதல் தேதியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. சில சிறு வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதையும் அவர்தான் விளக்கினார். அந்தக் கையேட்டில் பழைய விரிவுரையாளரின் ஒப்புதல் முத்திரை இருந்தது. முந்தைய ஆண்டு அவர் ஏற்ற கோப்பு அப்படியே கைமாறி வந்திருக்கிறது. என் வகுப்பில் ஒருவர் அந்த வரியை நம்பி, கூடுதலாக ஒரு மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்திருந்தால்? தரம் என்று ஆசிரியர்கள் சொல்வது என்ன என்று அந்தப் பென்சில் வட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

வகுப்பு மீண்டது. தவறிய மணி நேரங்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்ட வேண்டும் என்று குழு சொன்னது. நான் முன்பே வாரவாரியாக எழுதி வைத்திருந்த நேரக் கணக்கைக் காட்டியதும், எதை எங்கே சேர்ப்பது என்பதில் ஒரு கேள்வியும் எழவில்லை. அந்தக் கணக்கு இல்லாத வேறொரு மாணவர் வகுப்புக்கு அதே செமஸ்டரில் இரண்டு கிரெடிட் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ப் பெண்ணின் 12 கிரெடிட்டும் அப்படியே நின்றது.

மதிப்பிடுதல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாணவர் வகுப்பில் மனத்தை உறுத்துவது அதுதான். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் அறைத்தோழி இருப்பாள், நடன ஒத்திகையில் உடன் ஆடுகிறவர் இருப்பார். ஒருவர் எதையும் எழுதித் தராமலே, 'நீ பார்த்துக்கொள்ள மாட்டாயா?' என்று கேட்டார். பெர்க்லி போன்ற இடங்களில் இந்த வகுப்புகளுக்குப் பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான், தர எழுத்துகள் கிடையாது, எங்களிடமும் அப்படித்தான். அப்படியிருந்தும் அழுத்தம் வந்தது. மதிப்பீட்டுப் பொறுப்பு பேராசிரியையிடம் இருந்ததால், 'என் கையில் இல்லை, அவர்தான் படிக்கிறார்' என்று உள்ளபடியே சொல்ல முடிந்தது. நட்பும் கெடவில்லை. இன்னொன்று, மாணவர் கல்விப் பதிவுகளின் ரகசியத்தைக் காக்கும் மத்தியச் சட்டம் 1974 முதல் இருக்கிறது. சக மாணவர்களின் மதிப்பெண்ணையோ, அவர்கள் கட்டுரையில் எழுதிய சொந்த விவரங்களையோ சொந்த லேப்டாப்பில் சேமிப்பது, வாட்ஸ்அப் குழுவில் போடுவது எல்லாம் ஆபத்து. எங்கள் கட்டுரைகளில் வாடகைத் தொகை, முகவரி, சிலரின் குடும்ப வருமானம்கூட இருந்தது. பேராசிரியை அவற்றைப் பல்கலைக்கழகத் தளத்தில் மட்டுமே வாங்கச் சொன்னார், செமஸ்டர் முடிந்ததும் என் அணுகலை நீக்கினார். இதையும் முதலிலேயே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

இறுதிக் கட்டுரைக்குத் தலைப்பு ஒன்றே: உங்கள் சொந்த வாடகை ஒப்பந்தத்தில் சட்டத்துக்கு மாறான அல்லது ஐயத்துக்குரிய பத்தி எது, ஏன்? பேராசிரியை ஒவ்வொன்றையும் படித்து, அரைப் பக்கம் கருத்து எழுதினார். இருவரைத் திருத்தி எழுதச் சொன்னார். ஒருவர் பாஸ் ஆகவில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் மற்றவர்களின் பாஸுக்கு மதிப்பு வந்தது அதனால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். அந்தக் கட்டுரைகளை ஒட்டியே மூன்று பேர் தங்கள் அட்வான்ஸை எழுதிக் கேட்டுத் திரும்பப் பெற்றார்கள். ஒருவர் சிறு வழக்கு நீதிமன்றம் வரை போகத் தயாரானார், கடிதம் போனதுமே வீட்டுக்காரர் பணத்தை அனுப்பிவிட்டார்.

அச்சிட்ட 350 டாலரைத் துறை தரவில்லை. செலவு செய்த நாளில் வகுப்புக்குச் செல்லுபடியாகும் பொறுப்பாசிரியர் இல்லை என்பது காரணம். மேல்முறையீடு செய்தும் பலன் இல்லை. ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் ஒரு காசும் செலவு செய்யாதீர்கள். அச்சிட வேண்டியதைத் துறையின் கணக்கில் அச்சிடச் சொல்லுங்கள், அல்லது நூலகத்தின் இணையதளத்தில் அந்த வகுப்புக்கென ஒதுக்கும் வாசிப்புப் பகுதியில் வைக்கச் சொல்லுங்கள், அது மாணவர்களுக்கும் இலவசம்.

பட்டம் பெற்று வரும்போது வகுப்பை அடுத்த மாணவரிடம் ஒப்படைத்தேன். கோப்பைக் கொடுக்கும் முன் பழைய கையேட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சட்டப் பகுதியின் மேலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் பார்த்தவர் பெயரையும் எழுதினேன். ஒப்புதல் ஒரு செமஸ்டருக்குத்தான், அது தானாகத் தொடராது, ஒவ்வொரு முறையும் புது விண்ணப்பம் போட வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதினேன். பேராசிரியை அடுத்த ஆண்டின் ஒரு செமஸ்டரில் ஆய்வு விடுப்பில் போகிறார். அந்த செமஸ்டருக்கு யார் பொறுப்பேற்பது என்று இப்போதே அவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.